அப்பாவுக்கு ஈறில் ரத்தம், சுகரும் இறங்க மாட்டேன் என்கிறது: இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உட்லண்ட்ஸ்_மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம், சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. இனிப்பு நீர் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. காப்பிக்கடையில் உட்கார்ந்தால் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) மட்டும்தான், ராத்திரியில் சோறு கிடையாது, சாயங்காலம் புளோக்கைச் சுற்றி நாற்பது நிமிஷம் நடை. மெட்ஃபார்மினும் இன்னொரு மாத்திரையும் நாள் தவறாமல் போடுகிறார், டப்பாவை நான்தான் நிரப்பி வைக்கிறேன், அதனால் எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு செய்தும் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஒரு வருஷமாக 8.3, 8.6, 8.4 என்று அங்கேயே நிற்கிறது.

போன மாதம் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்தேன். அவர் பாதி கடித்து வைத்த துண்டில் பல் பதிந்த இடமெல்லாம் ரத்தம். பதறிப்போய்க் கேட்டால், "அது ரொம்ப நாளாவே அப்படித்தான்மா, பிரஷ் பண்ணினாலும் வரும்" என்று சாதாரணமாகச் சொல்கிறார். எத்தனை நாளாக என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

பக்கத்தில் இருக்கும் பல் கிளினிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் மெல்லிய ஊசி மாதிரி ஒன்றை ஒவ்வொரு பல் ஓரத்திலும் இறக்கி இறக்கி எண்களைச் சொன்னார், நர்ஸ் தட்டிக்கொண்டே வந்தார். மூன்று, ஐந்து, ஆறு, நான்கு, ஏழு. எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்திருக்கிறதாம். ஈறுக்குள் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும், வாயை நான்கு பகுதியாகப் பிரித்து நான்கு தடவை வரச் சொல்கிறார். "இதைச் சரி பண்ணினால் சுகரும் கொஞ்சம் கேட்கும்" என்றும் சொன்னார்.

இங்கேதான் வீட்டில் சண்டை. தம்பி, "பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம், காசு பிடுங்கப் பார்க்கிறார்கள்" என்கிறான். அத்தையோ கிளீனிங் செய்தால் பல்லெல்லாம் ஆட ஆரம்பிக்கும் என்று அப்பாவைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார். எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. பதினாறு வருஷமாகப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கண்ணைப் படம் எடுக்கிறார்கள், பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், சிறுநீர் பரிசோதிக்கிறார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கச் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன சம்பந்தம் உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஈறுக்காரி எழுதியது:

உண்மைதான்மா. நான் இங்கே பதினோரு வருஷமாகப் பல் சுகாதாரச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன், தினமும் பார்ப்பது இதைத்தான்.

முதலில் அந்த எண்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு எல்லாருக்கும் உண்டு, அதன் ஆழத்தைத்தான் மில்லிமீட்டரில் அளந்தார்கள். மூன்று வரை பரவாயில்லை. நான்கோ அதற்கு மேலோ போனால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆறு ஏழு மில்லிமீட்டர் ஆழத்துக்கு எந்த பிரஷ்ஷும் போகாது, காற்றும் போகாது. காற்று ஆகாத கிருமிகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அதில் முக்கியமான ஒன்றின் பெயர் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். இது எண்ணிக்கையில் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் உடம்பின் காவலைக் குழப்பி விட்டு மற்றக் கிருமிகளும் பெருக வழி செய்துவிடும். இதைப் பற்றி ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது: இதற்குச் சர்க்கரை தேவையே இல்லை. சொத்தைப் பல் உண்டாக்கும் கிருமிதான் சர்க்கரை தின்னும். இது புரதம் தின்பது. நம் ஈறுத் திசுவையே அறுத்துத் தின்பதற்கு ஜிஞ்சிபேன் என்ற நொதிகளை வைத்திருக்கிறது, ரத்தத்தில் இருக்கும் இரும்பும் அதற்கு வேண்டும். ஆக, ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் அதற்குத் தினமும் சாப்பாடு கிடைக்கிறது. அப்பா எவ்வளவு கோசோங் குடித்தாலும் அது பட்டினி கிடக்காது.

அந்தப் பைகளின் உள்சுவர் புண்ணாக இருக்கும். வாய் முழுக்க இருக்கும் அந்தப் புண்ணையெல்லாம் ஒன்றாக விரித்துப் போட்டால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய எண்ணை எடுத்துக்கொண்டால் பஸ்ஸில் தட்டும் ஈஸி-லிங்க் அட்டையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவுக்குக் காலில் அந்த அளவுக்குப் புண் வந்திருந்தால் அன்றைக்கே டாக்ஸி பிடித்திருப்பீர்கள், இல்லையா? வாய்க்குள் இருப்பதாலும் வலிக்காததாலும் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

அந்தப் புண் வழியாக, மென்று சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் கிருமியும் அதன் மேலுறையில் இருக்கும் நச்சும் ரத்தத்துக்குள் போகிறது. உடம்பு சும்மா இருக்காது, எதிர்ப்பு சக்தி வேலை செய்ய ஆரம்பிக்கும், அழற்சியைத் தூண்டும் பொருள்கள் ரத்தத்தில் கூடும். அதில் டிஎன்எஃப் ஆல்பா என்று ஒன்று, இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் செல் காதில் வாங்காதபடி செய்துவிடும். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் சுகர் இறங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. சுகர் கூடினால் வெள்ளணுக்கள் சரியாகச் சண்டை போடாது, புண் ஆறாது, வாய் காய்ந்துபோகும், ஈறு இன்னும் கெடும். இது அதைக் கெடுக்கும், அது இதைக் கெடுக்கும். கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக்குழாய், ஆறாத புண் என்று நீரிழிவின் பாதிப்புகளை வரிசைப்படுத்துவார்கள் இல்லையா, ஈறு நோயை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்று ஹரால்ட் லோ என்ற பல் விஞ்ஞானி 1993லேயே எழுதிவிட்டார். உங்கள் வருத்தம் நியாயமானது.

அத்தைக்கு ஒரு பதில். கிளீனிங்கால் பல் ஆடாது. எலும்பு ஏற்கெனவே கரைந்துபோய், பல்லில் படிந்து கெட்டியான காரைதான் பல்லை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்தவுடன் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் பல் இடுக்கும் பெரிதாகத் தெரியும். இதை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் தடவை முடிந்ததும் இரண்டாவதுக்கு வர மாட்டார். அப்படிப் பாதியில் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

செம்பவாங்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் பேருந்து ஓட்டுபவன், 54 வயது. இதைச் செய்துகொண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஈறில் ரத்தமே வந்ததில்லை. அதனால் வாய் நல்லா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கீழ்வரிசை முன்பல் நாக்கால் தள்ளினால் அசைந்தது, பயந்துபோய்ப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, சிகரெட் உண்டா என்றுதான். இருபத்தைந்து வருஷமாக உண்டு. புகை ஈறின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுவதால் நோய் இருந்தும் ரத்தம் வெளியே வராதாம். எனக்கு எச்சரிக்கை மணியே அடிக்காமல் போனது அதனால்தான். புகைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ரத்தம் வரவில்லை என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

நான்கு தடவை போனேன். மரத்துப்போகும் ஊசி போட்டார்கள், வலி அவ்வளவாக இல்லை, சத்தம்தான் ஒரு மாதிரி இருக்கும். இரண்டாவது தடவை டாக்டர் எடுத்த காரையைத் தட்டில் வைத்துக் காட்டினார். சட்டியில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டினால் வருமே, அந்த மாதிரி கறுப்பாக, கொஞ்சம் பச்சை ஓடி, நகத் துண்டு அளவுக்கு. அது ஈறுக்கு உள்ளே இருந்ததாம். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு மனசில் உறைத்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல் கூசியது, மெல்லக் குறைந்துவிட்டது.

சுகர் 9.1 இருந்தது, நான்கு மாதம் கழித்து 8.2. ஆனால் அதே சமயத்தில் டாக்டர் மாத்திரையும் மாற்றினார், நானும் சிகரெட்டைப் பாதியாகக் குறைத்திருந்தேன், அதனால் எதனால் இறங்கியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வாய் நாற்றம் போனது, மறுபடி கடலை மென்று சாப்பிட முடிகிறது, இது இரண்டும் நிச்சயமாக அந்தச் சிகிச்சையால்தான்.

காலையில் வழக்கம்போல் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போய் உட்கார்ந்து நாற்காலியிலேயே எனக்குச் சுகர் இறங்கிக் கை நடுங்கிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

கணக்குப்புள்ளி எழுதியது:

தம்பி கேட்பது தப்பில்லை. பணம் கொடுப்பதற்கு முன் ஆதாரம் எங்கே என்று கேட்கத்தான் வேண்டும். நான் மருத்துவன் இல்லை, ஆய்வுத் தரவுகளோடு வேலை பார்ப்பவன். அம்மாவுக்காக இதை உட்கார்ந்து படித்தேன்.

கிருமி இன்சுலினைத் தடுக்கிறது என்பதில் ஒரு பகுதி எலிகளில் பார்த்தது. ஜப்பானில் எலிகளுக்கு இந்த ஜிஞ்சிவாலிஸ் கிருமியை வாய் வழியாகக் கொடுத்தபோது குடலில் இருக்கும் நல்ல கிருமிகளின் கலவையே மாறிப்போனது, ரத்தத்தில் நச்சு கூடியது. நாம் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் விழுங்குகிறோம், ஆகவே குடல் வழியும் ஒரு வழியாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் எலிக்குக் கொடுத்த அளவு மிக அதிகம், அதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது.

மனிதர்களில் செய்த சோதனைதான் உங்களுக்கு வேண்டியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2022இல் 35 சோதனைகளை, 3,249 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறுக்குக் கீழே சுத்தம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளி குறைகிறது, ஆறு மாதத்தில் 0.30. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இருக்கிற மருந்தோடு இன்னொரு மாத்திரை சேர்த்தால் கிடைப்பதும் பல சமயம் ஒரு புள்ளிக்குள்தான். 8.4 என்பது 8.0 ஆகலாம். 6.5 ஆகாது. அப்படி யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

எதிரான முடிவும் உண்டு, மறைக்கக் கூடாது. 2013இல் அமெரிக்காவில் 514 பேரிடம் செய்த பெரிய சோதனையில் ஆறு மாதம் கழித்தும் சுகரில் எந்த மாற்றமும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு பலரும் இந்தச் சம்பந்தமே பொய் என்றார்கள். ஆனால் அந்தச் சோதனையில் சிகிச்சை முடிந்த பிறகும் பல்லில் கிருமிப் படலமும் ஈறில் ரத்தக்கசிவும் நிறைய மிச்சம் இருந்தன என்று ஈறு நிபுணர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். அழுக்கே போகவில்லை என்றால் சுகர் எப்படி இறங்கும்? 2018இல் லண்டனில் 264 பேரிடம் செய்த சோதனையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பிரச்சினை மிஞ்சியவர்களுக்கு அறுவை உட்பட, ஒரு வருஷம் விடாமல் சிகிச்சை கொடுத்தார்கள். மேலோட்டமாக மட்டும் சுத்தம் செய்த மற்றக் குழுவைவிட 0.6 புள்ளி குறைவாக வந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: ஒரு தடவை போய்விட்டு வந்தால் போதாது, அரைகுறையாகச் செய்தாலும் பயன் கிடைக்காது. தம்பியிடம் இந்த இரண்டு சோதனையையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒன்றை மட்டும் சொன்னால் அவர் மற்றதைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார்.

---

உட்லண்ட்ஸ்_மகள் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செம்பவாங் அண்ணன் சொன்ன காரையை அப்பாவிடம் சொன்னேன், முகத்தைச் சுளித்துவிட்டு "எனக்கும் காட்டுவாங்களா" என்று கேட்டார், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. தம்பி ஒரு பெரிய பாட்டில் மவுத்வாஷ் வாங்கி வந்து, இதை ஒரு நாளைக்கு நான்கு தடவை கொப்பளித்தால் கிருமி செத்துவிடும், கிளீனிங் வேண்டாம் என்கிறான். அது சரியா? அப்புறம், அப்பாவுக்குக் கீழ்வரிசையில் ஈறு பல்லுக்கு மேலே வீங்கி ஏறின மாதிரி இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

---

ஈறுக்காரி எழுதியது:

அம்லோடிபினைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அந்த வகை மாத்திரையால் சிலருக்கு ஈறு தடித்து வளரும், படலம் சேர்ந்திருந்தால் இன்னும் அதிகமாக வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல் டாக்டரிடமும் சொல்லுங்கள், மருந்தகத்து டாக்டரிடமும் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அவர்களே மாற்றுவார்கள்.

மவுத்வாஷ் ஏழு மில்லிமீட்டர் பைக்குள் இறங்காது. மேலே மட்டும் அலசிவிட்டுப் போய்விடும். கிருமிகள் தனித்தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை, பசை மாதிரி ஒரு படலம் கட்டி அதற்குள் குடும்பம் நடத்துகின்றன, கையால் சுரண்டினால்தான் போகும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாக்கின் மேல் நல்ல கிருமிகளும் உண்டு. கீரை, பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட்டை அவை மாற்றிக் கொடுத்துத்தான் உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு செய்கிறது, ரத்தக்குழாய் தளர்வதற்கு அது வேண்டும். கிருமிநாசினியை ஓயாமல் கொப்பளித்தால் இவையும் சேர்ந்து சாகும். புவேர்ட்டோ ரிக்கோவில் பருமனான பெரியவர்களை மூன்று வருஷம் கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் இரண்டு தடவையோ அதற்கு மேலோ மவுத்வாஷ் பயன்படுத்தியவர்களுக்கு நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ வருவது அதிகமாக இருந்தது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் ரத்த அழுத்தமும் சுகரும் உள்ளவர் நான்கு தடவை கொப்பளிப்பதை நான் ஒருக்காலும் சொல்ல மாட்டேன். சிகிச்சை முடிந்து டாக்டர் ஒரு வாரம் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

இடுக்கு பிரஷ் வாங்கிக் கொடுங்கள். மருந்துக்கடையில் வண்ண வண்ணமாக அளவு வாரியாக இருக்கும். எந்த அளவு என்று கிளினிக்கிலேயே அவர் வாயில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தளர்வாக இருந்தால் பயன் இல்லை. முதல் வாரம் ரத்தம் அதிகமாக வரும். பயந்து நிறுத்திவிடக் கூடாது, ஒழுங்காகச் செய்தால் இரண்டு வாரத்தில் குறைய ஆரம்பிக்கும். நான்கு தடவையும் முடிந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கும், ஏனென்றால் இந்தக் கிருமி ஈறின் செல்களுக்கு உள்ளேயே ஒளிந்துகொண்டு மறுபடியும் பைக்குத் திரும்பும்.

---

தேக்கா_வாசி எழுதியது:

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அப்பா 1950களில் பிறந்தவர் என்றால் அரசாங்கத்தின் மெர்டேக்கா தலைமுறைச் சலுகைத் திட்டத்தில் வருவார், அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். ஆனால் சலுகை எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே மாதிரி கிடைக்காது, எதற்கு உண்டு எதற்கு இல்லை, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் விட்டு மனைவியின் பில்லைப் பார்த்துத் திகைத்து நின்றிருக்கிறேன். தொகை தாங்காது என்றால் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் ஈறு நிபுணரைப் பார்க்கலாம், காத்திருக்க வேண்டியிருக்கும்.

நம்மவர்கள் வீட்டில் இதைப் பேச வேண்டும். 2017 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றிப் பேசியபோது, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு இருக்கிறது என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டு வரவேற்பறையில் அந்த வயதில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம், மூன்று பேருக்கு இருந்தது. யாரும் பல்லைக் காட்டப் போனதில்லை. வலித்தால் கிராம்பு வைப்போம், ஆடினால் பிடுங்கிவிடுவோம், அவ்வளவுதான்.

---

உட்லண்ட்ஸ்_மகள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

வலது பக்கம் மேலும் கீழும் முடிந்துவிட்டது. தம்பியே லீவு போட்டுக் கூட்டிப் போனான். கணக்குப்புள்ளி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், 2013 சோதனையைப் பற்றி நானே முதலில் சொன்னதால் அவனுக்கு அதற்கு மேல் வாதம் செய்ய மனம் வரவில்லை. பில் எழுதி வாங்கினோம். அட்டைச் சலுகை போக மிச்சத்தை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம்.

மருந்தகத்தில் போன புதன்கிழமை டாக்டரிடம் ஈறு அறிக்கையைக் காட்டினேன். அவர் அப்பாவின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தார், பதினாறு வருஷத்தில் முதல் தடவை. அம்லோடிபினுக்குப் பதில் வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்து, எண் வந்ததும் இங்கேயே போடுகிறேன், இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி.

நேற்று ராத்திரி அப்பா குளியலறைக் கண்ணாடி முன்னால் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த நீல நிற இடுக்கு பிரஷ்ஷோடு கால் மணி நேரம் நின்றார். வெளியே வந்து, "வலது பக்கம் ரத்தம் இல்லம்மா, இடது பக்கம் எப்ப?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு என்று சொன்னேன்.